மரத்தில் ஒரு பொன்னாடை

இந்தப் பொங்கல் விழாவுக்குத் தலைமையேற்று, மேடையின் நடுநாயகமாக, முகத்தில் சிரிப்பை மட்டும் மறந்துவிட்டு அமர்ந்திருக்கும் மரச்சீவல் ஆலையின் உரிமையாளர், பெருமதிப்பிற்குரிய ஆதிமூலம் ஐயா அவர்களே! வெள்ளிமலையிலிருந்து இலவ மரம் இறக்கி இந்த ஆலைக்குத் தீனி போடும் மூக்கன் அவர்களே! காலையிலிருந்து மாலைவரை கால் கடுக்க நின்று உழைக்கும் தாய்மார்களே! வெற்றிலைச் செல்லத்தோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கரும்பு வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் நல்லவர்களே! திருக்கோவிலூரிலிருந்து பஸ் மாறி, பஸ் மாறி, புழுதியோடு புழுதியாய்க் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்த இந்த மணிமொழியின் மனமார்ந்த வணக்கத்தை உங்கள் அனைவருக்கும் உரித்தாக்குகிறேன்.

நான் எத்தனையோ மேடை கண்டவள். எத்தனையோ பொன்னாடை கொண்டவள். பட்டு போர்த்தியிருக்கிறார்கள், பருத்தி போர்த்தியிருக்கிறார்கள், ஓர் ஊரில் ஈரம் காயாத துண்டைக்கூடப் போர்த்தியிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், எனக்கு அன்று ஜலதோஷம் பிடித்தது. ஆனால் சற்று முன்பு இந்த ஆலையில் வேலை செய்யும் தங்கை கண்ணகி என் தோளில் ஒன்றைப் போர்த்தினாரே, இதைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. சரிகையைத் தேடினேன், ரேகை தெரிந்தது. நூலைத் தேடினேன், நார் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன். மேடையில் உட்கார்ந்துகொண்டு பொன்னாடையை முகர்ந்து பார்க்கிற பேச்சாளர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்! என்ன துணியம்மா இது என்று கேட்டேன்.

"துணி இல்லீங்க. மரங்க" என்றார்.

மரமா? மரம் கதவாகும், கட்டிலாகும், ஏராகும், கூரைக்கு எறவாணமாகும். தோளில் போடத் துண்டாகுமா? தொட்டால் குழையுமா? தூக்கிப் பிடித்தால் தொங்குமா? இதோ, தொங்குகிறது பாருங்கள்! கடைசி வரிசையில் ஒரு தம்பி, "காட்டுங்கக்கா, இன்னும் தூக்கிக் காட்டுங்க" என்கிறார். காட்டுகிறேன். போதுமா? எனக்கே போதவில்லை. வந்ததிலிருந்து இந்தப் பெண்களைத் துளைத்துத் துளைத்துக் கேட்டுவிட்டேன். கேட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த ஆலையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மரத்தை உருளை உருளையாக எந்திரத்தில் பூட்டிச் சுற்றவிட்டால், எதிரே நிற்கும் கத்தி அதைப் பாய்ச்சுருளைப் பிரிப்பது போலப் பிரித்துக்கொண்டே வருகிறது. அந்த மெல்லிய சீவல்தான் தீப்பெட்டியானது. ஆனது என்கிறேன், ஆகிறது என்று சொல்ல முடியவில்லை. தீப்பெட்டிக்காரர்கள் அட்டைக்குப் போய்விட்டார்கள். சீவல் கேட்டு வந்தவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றார்கள். பொங்கல் கழிந்ததும் ஆலையைப் பூட்டி எந்திரத்தை விற்றுவிடுவதாக ஐயா சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பூட்டுகிற பூட்டு எந்திரத்துக்கு மட்டுமா? இங்கே உட்கார்ந்திருக்கும் இத்தனை பெண்களின் அடுப்புக்கும் அல்லவா?

போன புரட்டாசியை நினைத்துப் பாருங்கள். இடஒதுக்கீடு கேட்டு எழுந்த மறியலில் சாலைக்குச் சாலை மரங்கள் வீழ்ந்து கிடந்தன. இந்தக் கூட்டத்தில் மறியலில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறீர்கள், மறியலில் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறீர்கள். பார்த்தாலே தெரிகிறது, நான் பெயர் சொல்ல மாட்டேன்! நம் மூக்கன் அவர்கள் லாரியோடு வழியில் அகப்பட்டுக்கொண்டார். முன்னால் மரம், பின்னால் மரம், லாரி மேலேயும் மரம். "மறியல் முடியிற மட்டும் அதுங்கூடவே படுத்துக்கினு கெடந்தேங்க" என்று என்னிடம் சொன்னார்.

மரம் வரவில்லை. எந்திரம் ஓடவில்லை. பெண்கள் என்ன செய்தார்கள்? கண்ணகி சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சும்மா குந்திக்கினு இன்னா பண்றதுங்க? பழைய சீவல் கெடந்துச்சு. தீப்பெட்டிக்கு ஆவலன்னா வேற எதுக்காவது ஆவுதான்னு ஊற வச்சிப் பாத்தோம்."

முதலில் விளக்கெண்ணெய். பிசுபிசுத்து, கையோடு ஒட்டி, நாற்றம் ஊரைக் கூட்டியது. அடுத்து? கரும்புச் சீமையில் பிறந்தவர்களுக்கு அடுத்து என்ன தோன்றும்? வெல்லப்பாகு! சீவலைப் பாகில் ஊறவைத்து, உலர்த்தி எடுத்தார்கள். என்ன அதிசயம், மரம் குழைந்தது, வளைந்தது, வாழைத்தளிர் போல வழிந்தது! மகிழ்ச்சியில் இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆயுதபூசை அன்று, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், அதை ஆதிமூலம் ஐயாவுக்கே போர்த்தினார்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. எறும்புக்கும் முன்பே தெரிந்திருந்தது!

"இன்னாம்மா போத்துனீங்க! முதுவெல்லாம் எரியுது!" என்று ஐயா சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்ததாம். ஐயா, கோபம் வேண்டாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது உங்கள் முகத்தில் தெரிகிறது.

அத்தோடு விட்டார்களா? விடவில்லை. அவர்களோடு வேலை செய்யும் பெரியம்மாள் தன் குழந்தையின் வாய்ப்புண்ணுக்குக் கிளிசரின் தடவிக்கொண்டிருந்தபோது, குழந்தை தட்டிவிட, மடியில் கிடந்த சீவல் துண்டின் மேல் அது கொட்டிவிட்டது. மறுநாள் பார்த்தால் மற்ற சீவலெல்லாம் மொறமொறவென்று இருக்க, கொட்டிய இடம் மட்டும் மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான்! மருந்துக் கடையில் இருந்த கிளிசரினையெல்லாம் வாங்கிவந்து, தண்ணீரில் கலந்து, சீவலை ஊறப்போட்டார்கள். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் அடுக்கி, மேலே கல்லை ஏற்றி, தாள் நனைய நனைய மாற்றினார்கள். தண்ணீர் உலர்ந்து போய்விடுகிறது, கிளிசரின் போவதில்லை. நாருக்கு நடுவிலேயே தங்கிக்கொண்டு அதை விறைக்க விடாமல் வைத்திருக்கிறது. அந்தத் தாள்களில் இருந்ததெல்லாம் மறியல் செய்தி. இதோ, இந்த ஓரத்தில் "ஒதுக்கீடு" என்ற தலைப்பு, கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தடவிப் பார்த்தேன், போகவில்லை.

இதில் பை தைக்கலாம், தொப்பி தைக்கலாம், விளக்குக்கு உறை போடலாம் என்று கண்ணகி ஐயாவிடம் கேட்டிருக்கிறார். ஐயா என்ன சொன்னார்? இன்று காலை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "கூட்டத்துல நானே மடிச்சிப் பாப்பேன். துணியாட்டம் இருந்தா மிஷின் ஓடும். ஒடிஞ்சா பூட்டு."

பெரியோர்களே! தாய்மார்களே! சாலையில் மரம் வீழ்ந்தது எதற்காக? நம் பிள்ளைகள் படிக்க வேண்டும், படித்தவர்கள் வேலையில் அமர வேண்டும் என்பதற்காக! இங்கே மரம் குழைந்தது எதற்காக? இருக்கிற வேலை கைநழுவிப் போகக்கூடாது என்பதற்காக! இவர்கள் இனாம் கேட்டார்களா? இரக்கம் கேட்டார்களா? இன்னும் கொஞ்ச நாள் எந்திரத்தை ஓடவிடுங்கள் என்றுதானே கேட்டார்கள்! எறும்பு கடித்ததற்காக எவனாவது கரும்பை விட்டானா? யாராவது தண்ணீர் கொடுங்கள். நன்றி தாயே.

ஐயா, இதோ அந்தப் பொன்னாடை. வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிக்கொண்டார். எழுந்துவிட்டார். பின்னால் இருப்பவர்கள் நாற்காலி மேல் ஏற வேண்டாம், நான் சொல்கிறேன். ஐயா ஒரு மடிப்பு மடிக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு மடிப்பு. ஒன்றும் ஆகவில்லை! கைதட்டுங்கள்! ஐயா... என்ன ஐயா இது, பிழிகிறீர்களா? கிணற்றடியில் துண்டைப் பிழிவது போலப் பிழிகிறார்! மெதுவாக, ஐயா, மெதுவாக...

கேட்டீர்களா அந்தச் சத்தத்தை?

ஓரத்திலிருந்து நாலு விரல் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. மறைக்க மாட்டேன், உள்ளதைச் சொல்கிறேன். கண்ணகி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாள் அழுகிறார்.

ஐயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தைப் பார்க்கிறார். விரலால் நீவுகிறார். ஏதோ சொல்கிறார். கூட்டத்துக்குக் கேட்கவில்லை ஐயா, நான் சொல்லிவிடட்டுமா? அமைதி! அமைதி! ஐயா சொல்கிறார்:

"ஒடிஞ்சிருந்தா ரெண்டா கையில வந்திருக்கும். இது கிழிஞ்சிருக்குது. நான் பிழிஞ்ச பிழிக்கு என் வேட்டியே கிழிஞ்சிருக்கும். ஏம்மா கண்ணகி, இன்னாத்துக்கு அழுவுற? ஊசி நூலு எடுத்துக்கினு வா. தைக்க வந்துச்சின்னா காலையில மிஷினப் போடு."

கண்ணகி ஓடுகிறார்! ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியைப் பெரியம்மாளே உருவிக் கொடுத்துவிட்டார். நூல் கோக்கிறார், மூக்கன் அவர்கள் பொன்னாடையை விரித்துப் பிடிக்கிறார். ஊசி இறங்குகிறது. இறங்கி, மறுபக்கம் வந்துவிட்டது! பிளக்கவில்லை! நூல் இழுபடுகிறது, கிழிசல் மூடிக்கொள்கிறது!

நான் பேச இன்னும் நிறைய வைத்திருந்தேன். அடுத்த தையல் எப்படி விழுகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்காவிட்டால் எனக்கு இன்று சோறு இறங்காது. ஆகவே, பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பிழிந்து பார்த்த தலைவருக்கும், காலையில் வேலைக்கு வரப்போகும் என் தாய்மார்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்லி, ஒலிபெருக்கியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். வணக்கம்!