உட்கார்ந்து செய்யும் வேலை

மாசமாக இருக்கும் பெண்களை நிற்கவைத்து வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது, மேடம். கால் வீங்கிவிடும். அதனால் என் பொறுப்பில் இருந்த ரோஜாப் பசுமைக்குடில்களுக்கு வாயும் வயிறுமாக யார் வந்தாலும் முக்காலி போட்டுக் கொடுத்துவிடுவேன். மொட்டு விரியாமலிருக்க அதன் தலையில் சின்ன வலை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். மற்ற மேஸ்திரிகளாக இருந்தால் கூடை தூக்கச் சொல்லியிருப்பார்கள்.

பூச்சி மருந்து அடித்த குடிலின் வாசலில் சிவப்புத் துணி கட்டுவோம். மறுநாள் அதை அவிழ்க்கும்வரை உள்ளே யாரும் போகக்கூடாது. சட்டம் போட்டவருக்கு என்ன, மொட்டு அவரைக் கேட்டுக்கொண்டா விரிகிறது? மருந்தின் ஈரம் காய்வதற்குள் நான் துணியை அவிழ்த்துவிடுவேன். ஆனால் ஆம்பளைகளை அனுப்பினால் தலை சுற்றுகிறது, கண் எரிகிறது என்று ஊரைக் கூட்டுவார்கள். ஒருவன் வாந்தி எடுத்தால் போதும், மொத்தப் பேரும் வெளியே வந்துவிடுவார்கள்.

மாசமாக இருப்பவள் வாந்தி எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மசக்கை என்று அவளே சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது. அமைந்த பிறகு ஈரம் காயாத குடில்களுக்கு அவர்களை மட்டும் அனுப்பினேன்.

சுருட்டை முடிக்காரி ஒருத்தி இருந்தாள், சுருட்டை என்றே கூப்பிடுவோம். நிறைமாதம்வரை முக்காலியை விடவில்லை. "கூடப் பொறந்தவன்கூட என்னை இப்படிப் பாத்துக்கல அண்ணே" என்று கண் கலங்குவாள். அவள் பையனுக்கு இப்போது நாலு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அம்மா என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மருந்து வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தொடும் என்கிறார் உங்கள் டாக்டர். டப்பாவிலும்தான் போட்டிருந்தது, கர்ப்பிணிகள் அருகில் வரக்கூடாதென்று. டப்பாவில் என்னதான் போடவில்லை? பிள்ளை பேசாததற்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

போன மாதம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என் பேத்திக்கும் அதே வயது, வாய் ஓயாது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையில்லை, ஆசையாகத்தான் பார்த்தாள்.

"என்னமா பேசுது! வயித்துல இருந்தப்ப என்னக்கா சாப்பிட்டீங்க?" என்று என் மகளைக் கேட்டாள்.

என் மகளுக்கு ஓட்டை வாய். அவளும் எங்கள் குடிலில்தான் வேலை பார்த்தாள். "சாப்பாடெல்லாம் ஒண்ணுமில்ல. நாள் தள்ளிப்போச்சுன்னு சொன்ன அன்னைக்கே அப்பா என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாரு. மருந்துச் சட்டைய வாசல்லயே கழட்டிப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் எங்கிட்டயே வருவாரு" என்றாள் பெருமையாக.

சுருட்டை என்னைப் பார்த்தாள். பிறகு பையனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பாவி" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, மேடம். இன்னும் ஆறவில்லை. முக்காலி போட்டுக் கொடுத்தவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? நேராக உங்களிடம் வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீங்களும் காலையிலிருந்து அதையே சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள், ஊரார் பெண்களை அனுப்பிய குடிலுக்குள் சொந்த மகளை ஏன் விடவில்லை என்று.

இதில் கேட்க என்ன இருக்கிறது? அவள் மாசமாக இருந்தாளே.