சன்னாசியார் அச்சுக்குக் கொடுக்காத தோட்ட வரலாறு

மேடையில் வீற்றிருக்கும் ஆலயத் தலைவர் அவர்களே, கணவர் சன்னாசியாரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாரியம்மா அம்மையார் அவர்களே, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மேல் டிவிஷன் மக்களே, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் கீழ் டிவிஷன் மக்களே, வணக்கம்.

தோட்டத்தை விற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நாம் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. கோயில் மட்டுமே மிச்சம். வெளியூரில் எந்த ஊர் என்று யார் கேட்டாலும் “ஈப்போ” என்று பெரிய நகரத்தைச் சொல்கிறோம். பக்கத்துச் சிறுநகரமான சுங்கை சிப்புட் என்று சொல்லக்கூட நமக்கு வாய் வருவதில்லை. ஆனால் இரங்கல் கூட்டத்தில்கூட டிவிஷன் பார்த்துத்தான் உட்காருகிறோம். நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

நம் தோட்ட வரலாற்றை எழுதியவர் யார்? மேல் டிவிஷன் தந்த தலைமையாசிரியர், உயர்திரு சன்னாசியார். வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களைச் சேர்த்தவர் யார்? சன்னாசியார். பதினொரு ஆண்டுகளாக அதை அச்சுக்குக் கொடுக்காமல் என் உயிரை வாங்கியவர் யார்? அவரும் சன்னாசியார்தான்.

வரலாற்றுக் குழுத் தலைவன் என்ற முறையில் மாதாமாதம் கேட்டேன்.

“அண்ணே, புத்தகம் எப்ப?”

“அட்ட சரியில்லலா, தம்பி.”

மறு ஆண்டு, “எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குலா” என்றார். பொறுக்கமுடியாமல் பதவி விலகல் கடிதம் கொடுத்தேன். அதிலும் பிழை திருத்தித் திருப்பித் தந்தார்.

சென்ற வாரம் மருத்துவமனையில் அந்த வரலாற்றுக் கோப்பினை என்னிடம் ஒப்படைத்தார். உள்ளே வெள்ளைக்காரத் துரை காலத்துத் தோட்ட வரைபடம், ஆண்டு 1906. கீழ் டிவிஷனில் பத்து லயமும் கோயிலும் இருக்கின்றன. நம் மேல் டிவிஷன் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காடு.

வலப்பக்கத்து அன்பர்கள் தயவுசெய்து உட்காருங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

முதலில் குடியேறிய டிவிஷனுக்கே திருவிழாவில் முதல் காளாஞ்சி, அதாவது முதல் பிரசாத மரியாதை என்பது நம் வழக்கம். நாம்தான் முதலில் வந்தோம் என்று சொல்லி எழுபது ஆண்டுகளாக அதை வாங்குகிறோம். கடந்த இருபது ஆண்டுகள் வாங்கியவன் நான்.

“இதுக்காகவா அண்ணே மறச்சீங்க?” என்று கேட்டேன்.

“நம்ம ஆளுங்க மொகத்துல எப்படி முழிக்கிறது? நான் போனப்புறம் நீ சொல்லிடு தம்பி.”

அவர் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டார். என் முகத்துக்கு யார் பொறுப்பு? கோபமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வரைபடத்தை அவர் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்த நேர்மைக்காக அவரை வணங்குகிறேன்.

அண்ணே, உங்கள் பணியைத் தொடர்கிறேன். வரைபடத்தோடு புத்தகத்தை நேற்றே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதத் திருவிழாவில் முதல் காளாஞ்சிக்குக் குருக்கள் என் பெயரைக் கூப்பிடுவார். கீழ் டிவிஷன் பெரியவர் இராமசாமியைக் கூப்பிடும்வரை நான் எழுந்திருக்கமாட்டேன்.