வாசலில் வைத்த காலி பாட்டில்கள்

விடுதி வராந்தாவை விடியற்காலையிலேயே கூட்டிவிட வேண்டும் சார். ஆறு மணிக்கு மேல் பிள்ளைகள் நடக்க ஆரம்பித்தால் புழுதி அடங்காது.

பெரம்பலூர் பக்கம் அந்தக் காலேஜில் எனக்கு ஏழு வருஷ வேலை. அதற்கு முன்னே அரியலூரில் சுண்ணாம்புக்கல் உடைத்தேன். கூட உடைத்தவன் கீழப்பழுவூர் சிங்காரவேலு. அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்ததும் சேர்ந்துதான். என் மகன் எட்டாவதோடு நின்று கல்லுக்குப் போனான். சிங்காரவேலு மகன் தமிழழகன் இன்ஜினியரிங் சேர்ந்தான். நான் கூட்டுகிற விடுதியிலேயே ரூம்.

சேர்த்த அன்றைக்கு சிங்காரவேலு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கறப்ப எனக்கு என்னடா கவல. உம் புள்ளையா நெனச்சுக்க" என்றான். நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

தொண்ணூறு பிள்ளைகளில் குடிக்கிறவர்கள் ஆறேழு பேர்தான். குப்பை அள்ளுகிறவனுக்கு அது தெரியும். தமிழழகனுக்குத் தெரியாது. ஒயின்ஷாப் பின்னால் கிடக்கும் காலி பாட்டில்களைச் சாக்கில் கட்டி வந்து, அவன் வரிசையில் ரூமுக்கு ஒன்றாக வாசலில் வைத்தேன். அவன் வாசலில் மட்டும் வைக்கவில்லை. மற்றவர்கள் எழுவதற்கு முன்னே அவன் பல் விளக்க வருவான்; பார்த்த பிறகுதான் அள்ளுவேன்.

பத்து நாள் கழித்துக் கேட்டான். "பெரியப்பா, எல்லாருமா குடிக்கறாங்க?"

"நீ ஒருத்தன்தான் சாமி மிச்சம். பால்குடி மறக்காத புள்ளன்னு பேசிக்கறாங்க."

சிரித்தான். ஆனால் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் வாசலிலும் ஒன்று இருந்தது. அது நான் வைத்ததல்ல. கார்த்திகை வருவதற்குள் நான் சாக்கு தூக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒருவனைப் பார்த்து ஒருவன், அவர்களே நிரப்பினார்கள்.

பொங்கல் லீவு விட்ட மத்தியானம், தமிழழகன் குடித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏற ஹைவேயைக் கடந்தான். லாரிக்காரன் மேல் தப்பில்லை.

பாட்டில் வைத்தவன் நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் குடிக்க வேண்டும், பெயிலாக வேண்டும், அப்பனோடு கல்லுடைக்கப் போக வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். சிங்காரவேலு இப்போது வேலைக்குப் போவதில்லை, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய் நான்தான் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன். "இனிமே எனக்கு நீதான்டா" என்கிறான். பொறாமைக்காரன் இப்படி ஊட்டுவானா சார்? இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவனும் நானும் சமமாக உட்கார்ந்து பேசுகிறோம்.