பாதியில் எழுந்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கடற்கரை மாதா கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“அங்க மாதாவே டிக்கெட் வாங்கித்தான் உள்ள போணும் போலட்டி,” என்றார் மூத்தவர்.

“கோயில் அழகா இருக்கு, சனம் பாக்க வருது. அதுக்கு என்ன மதினி செய்ய?”

“பாக்கட்டும். மக எந்திரிச்சு நடந்தா, வாசல்லருந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டே வாரேன்னு நேர்ந்திருந்தேன். அவ நடந்துட்டா. நான் பாதி வழி போகையில போட்டோக்காரன், ‘செத்த எந்திரிங்கக்கா, டூரிஸ்ட் பார்ட்டி நிக்குது’ங்கான். நானும் கூறுகெட்டுப்போயி எந்திரிச்சிட்டேன்.”

“பொறவு மிச்சத்தப் போயிருக்கலாம்லா?”

“நடுவுல எந்திரிச்சா அம்புட்டும் போச்சு. மறுபடி வாசல்லருந்துதான் வரணும். அதுக்குள்ள நீ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இழுத்துட்டு வந்துட்ட.”

“மாதா ஏத்துக்கிடுவா மதினி.”

“அவ ஏத்துக்கிடுவா. நான் ஏத்துக்கிட மாட்டேன்.”

ராஜபாளையத்தில் இறங்கியதும் மூத்தவர் நொண்டியபடியே போய், மாதா கோயிலுக்குத் திரும்பிப் போக, காலையில் மதுரைக்கு முதல் வண்டி எப்போது என்று நடத்துநரிடம் கேட்டார்.

“முட்டியாவது ஆறட்டும் மதினி,” என்றார் இளையவர்.

“அது அங்க போயி ஆறும். அந்தப் போட்டோக்காரன் வேணும்னா என்னையும் சேத்து எடுக்கட்டும்.”