போண்டாவுக்கு ஈரல் கிடையாது

பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மாளும் காலேஜில் படிக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் இந்தத் தடத்தில் கோழிக்கூண்டோடு ஏறுவார்கள், ஒரு பேச்சும் காதில் விழாது. அது கிடக்கட்டும். மகள் பரீட்சைப் பாடத்தை அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“நாட்ச்சுங்கறது ஒட்டியிருக்கற செல்லுங்க பேசிக்கறதும்மா. ஈயோட கருவுல எல்லாச் செல்லும் மொதல்ல ஒரே மாதிரிதான். ஒண்ணு முந்திக்கிட்டு, ‘நான் நரம்பாகறேன், நீ ஆகாதே’ன்னு பக்கத்துச் செல்லைத் தொட்டுச் சொல்லும். அது தோலாயிரும்.”

“நம்ம கடையாட்டவே இருக்குது. பக்கத்துக் கடை மேரி முந்திக்கிட்டு போண்டா போட்டுட்டா. ஒரே செவுரு, நான் பஜ்ஜியோட நின்னுட்டேன். நாளைக்கு நானும் போண்டா போடறேன் பாரு. அப்பத்தான் யாவாரம் ஆகும்.”

“அந்தப் பேச்சு நின்னு போனா எல்லாமே நரம்பாயிரும்மா. தோலே இருக்காது, கரு செத்துரும்.”

“ஈக்குத்தான கண்ணு.”

“மனுசங்களுக்கும் இருக்குது. அது கெட்டா ஈரலே கெட்டுப் போகும்.”

“போகட்டும். போண்டாவுக்கு ஈரல் கெடையாது.”

எனக்குப் பின்னாலிருந்து தெற்கத்திப் பேச்சில் ஒரு குரல் வந்தது.

“போடுங்கக்கா. நாளையில இருந்து நானும் பஜ்ஜி போடுதேன்.”

மேரிதான். அந்த அம்மாள் திரும்பவே இல்லை. ஒரு ஸ்டாப் போனதும் மகளின் தொடையில் தட்டினார்.

“ஏங்கண்ணு, அந்தப் பேச்சு நின்னு போனா என்ன ஆகும்னே? இன்னொருக்கா சொல்லு. பின்னாடி வரைக்கும் கேக்கோணும், சத்தமாச் சொல்லு.”