கை கட்டிய பிறகு எப்படிச் சொல்வாள்?

மணியடித்து என்னை நிறுத்தக் காத்திருக்கும் தலைவர், பல் மருத்துவர் அவர்களே! அறுபதைக் கடந்தும் ஆசையைப் பரணில் ஏற்றிவிட மறுத்து வந்திருக்கும் அம்மாமார்களே! பெண்ணாய்ப் பிறந்தோரே, பெண்ணெனத் தம்மைத் தாமே கண்டறிந்தோரே! என் வாய்ச்சொல்லைக் கைச்சைகையாக்கி மேடையோரம் நிற்கும் சகோதரியே! பேருந்து ஓட்டிப் பிழைக்கும் இந்தப் பெண்ணின் பணிவான வணக்கம்.

பணிவு என்றதும் பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள்! பணிவதிலும் பணிய வைப்பதிலும், கட்டுவதிலும் கட்டுண்டு கிடப்பதிலும் இன்பம் காண்கிறவர்கள்தானே நாம்? வெளியில் இதைக் கிங்க் என்பார்கள். வீட்டில் வெட்கங்கெட்டது என்பார்கள். என்னவோ சொல்லட்டும். சம்மதம் இருந்தால் அது விளையாட்டு, சம்மதம் இல்லையென்றால் அது வன்முறை!

அந்தச் சம்மதத்துக்கே சென்ற மாதம் சோதனை வந்தது. காது கேளாத தையற்காரத் தங்கை ஒருத்தி, முதன்முறையாக நம் கயிற்று வகுப்புக்கு வந்தாள். அவள் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன். கற்றுக்கொடுத்தவர் நம் பிசியோதெரபிஸ்ட் அக்கா. முடிச்சில் கெட்டிக்காரர், மனசும் தங்கம். "போதும்னு தோணினா கையைத் தூக்கும்மா, உடனே அவுத்துடுறேன்" என்று ஃபோனில் தட்டிக் காட்டினார். அவளும் தலையாட்டினாள். பிறகு என்ன செய்தார் தெரியுமா? அந்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டினார்!

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரசிக்கிறாள் என்று நினைத்துவிட்டார் அக்கா. கண்ணீரைப் பார்த்த பிறகுதான் கயிறு அவிழ்ந்தது. தாய்மார்களே, பேசுகிறவளின் வாயைப் பொத்துவதும் சைகை செய்கிறவளின் கையைக் கட்டுவதும் ஒன்றல்லவா? கூடம் நிறைய நின்றோமே, ஒருத்திக்காவது அது உறைத்ததா?

அக்கா மன்னிப்புக் கேட்டார், வகுப்பையும் நிறுத்திவிட்டார். தங்கையோ, இன்றைய தீர்மானத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வகுப்புக்கு வருவதா என்று முடிவு செய்வேன் என எழுதியிருக்கிறாள். இதற்கிடையே சிலர் சொன்ன யோசனை: "அவங்களுக்குன்னு தனியா ஒரு குழு வெச்சிட்டா அவங்களுக்கும் வசதி, நமக்கும் நிம்மதி." யாருக்கு ஐயா நிம்மதி? ஐயா இல்லை, அம்மா. கோபத்தில் வாய் தவறிவிட்டது! வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே வேறு வீட்டுக்கு வழி காட்டுவது வரவேற்பா?

"விட்டுத் தள்ளு டிரைவரம்மா, நேரமாச்சு" என்கிறது ஒரு குரல். விடமாட்டேன்! ஒருவர் படியில் கால் வைத்திருக்கும்போது நான் வண்டியை எடுப்பதில்லை.

ஆகவே தீர்மானம் இதுதான். "வேண்டாம்" என்பதை எப்படிச் சொல்வாய் என்று ஒவ்வொருத்தியையும் கேட்காமல், கட்டிய நிலையிலும் அதைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்காமல், இனி இங்கே ஒரு கயிறும் எடுக்கக் கூடாது. வாயால் பேசுகிறவளுக்கும் கையால் பேசுகிறவளுக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவளுக்கும் கை நடுங்குகிறவளுக்கும் ஒரே கூடம், ஒரே வகுப்பு, ஒரே மரியாதை! ஆதரிப்போர் கை தூக்குங்கள்!

அடடா, கூடம் முழுக்கக் கைகள்! முதலில் உயர்ந்தது பிசியோதெரபிஸ்ட் அக்காவின் கை.

கதவோரம் உட்கார்ந்து தங்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேடைக்கு வர்றியாம்மா? இந்தக் கைதட்டல் உனக்குத்தான்!

கையசைக்கிறாள். மொழிபெயர்க்க வேண்டியதில்லை, வேண்டாம் என்கிறாள். "சும்மா வாம்மா, என்ன வெக்கம்!" என்று அங்கே யார் எழுந்திருப்பது? உட்காருங்கள்! அவள் சொல்லிவிட்டாள், நாம் கேட்டுக்கொண்டோம்.

பொறுத்திருந்து கேட்ட அனைவருக்கும் நன்றி. இருக்கும் இடத்திலேயே இருக்கிற உனக்கு, தங்கச்சி, இங்கிருந்தே என் வணக்கம்!