தம்பிக்குக் கிடைக்காத லீவு

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். இளையவள் மடியில் ஒரு பெண் குழந்தை. வெளியே வானம் மூட்டமாக இருந்தது.

"மழை விழுந்தா குச்சி காயாது, லீவு விட்டுருவாங்க. லீவுங்கிற வார்த்தையே எனக்குப் பிடிக்காது, அன்னைக்குக் கூலி கெடையாதுல்லா," என்றாள் மூத்தவள்.

"எங்க வீட்ல அந்த வார்த்தைக்குத்தான் ஒரு வருசமா காத்துக் கெடக்கோம் அக்கா."

"யாருக்கு லீவு?"

"மிலிட்டரியில இருக்க என் தம்பிக்கு. புள்ளைக்குக் காது குத்தணும், தாய்மாமன் மடி வேணும்லா? டிக்கெட்டும் எடுத்துட்டான். சண்டை வந்துருச்சுன்னு லீவக் கேன்சல் பண்ணிட்டாங்க."

"தள்ளி வைக்கலாம்லா?"

"ரெண்டு தடவை தள்ளியாச்சு. எனக்காகக் காத்திருக்காதீங்கன்னு அவனே லெட்டர் போட்டுட்டான். அதான் இன்னைக்குக் கழுகுமலைக் கோயில்ல குத்தப் போறோம்."

"அப்ப இன்னைக்கு யாரு மடி?"

இளையவள் வயர் கூடையிலிருந்து கட்டம் போட்ட சட்டை ஒன்றை எடுத்தாள்.

"சித்தப்பா மகன் இதப் போட்டுக்கிட்டு உக்காருவான். தம்பி போன லீவுல கழத்திப் போட்டது. இன்னும் துவைக்கல."

மூத்தவள் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளே அதை மடித்துக் கூடையில் வைத்தாள்.

கழுகுமலையில் பஸ் நின்றபோது மேகம் கலைந்து வெயில் அடித்தது.

"மழை இல்லக்கா. ஒங்களுக்கு வேலை உண்டு."

"இருக்கட்டும் தாயி. இன்னைக்கு நானாவே லீவு போடுதேன். புள்ளையக் கொண்டா," என்று குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.